பகட்டுநடைப் பழமொழிப் புதிர்

பகட்டுநடைப் பழமொழிப் புதிர் என்பது, பலரும் அறிந்த ஒரு பழமொழியை, அதன் கருத்து மாறாமல், தேவைக்கு மிஞ்சிய அருஞ்சொற்களாலும் நீண்ட தொடர்களாலும் மாற்றி எழுதி, மூலப் பழமொழி எதுவெனக் கண்டறியச் செய்யும் சொல் விளையாட்டு ஆகும். எடுத்துக்காட்டாக, "துதிக்கை வாய்க்கப்பெற்ற பெருவிலங்கின் நிலத்தில் ஊன்றும் உறுப்பும் ஒரோவழி நிலைவழுவுதல் கூடும்" என்பது "யானைக்கும் அடி சறுக்கும்" என்னும் பழமொழியின் மறைவடிவம் ஆகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இவ்வகைப் புதிர்கள் புதிர் நூல்களிலும் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. தமிழிலும் இதனை எளிதில் அமைக்கலாம். எனினும் தமிழில் இதற்குரிய நுட்பங்கள் சற்று வேறானவை.

இப்புதிருக்குப் பல பெயர்கள் வழங்குவதால், இக்கட்டுரையில் மேற்கண்ட தலைப்பு ஒரு விளக்கப் பெயராகவே ஆளப்படுகிறது.

விடுகதையிலிருந்து வேறுபாடு

விடுகதை ஒரு பொருளை மறைக்கிறது. அதன் விடை சீப்பு, தேங்காய், நிழல் போன்ற ஒரு சொல்லாக இருக்கும். இப்புதிரோ ஒரு முழுத் தொடரை மறைக்கிறது. அத்தொடர் கேட்பவரின் நினைவில் ஏற்கனவே இருக்க வேண்டும். பழமொழியை அறியாதவர் எவ்வளவு கூரிய அறிவினராயினும் விடையைக் கண்டறிய முடியாது. விடுகதையை முதன்முறை கேட்பவரும் சிந்தித்து விடை கூற வாய்ப்புண்டு. இங்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே இப்புதிர் அறிவைச் சோதிப்பதைவிடப் பொது நினைவைச் சோதிக்கிறது எனலாம்.

பண்டைத் தமிழ் இலக்கணமும் இவ்விரண்டையும் தனித்தனியே கண்டுள்ளது. தொல்காப்பியம் செய்யுளியலில் கூறப்படும் எழுவகை யாப்பினுள் பிசி ஒன்று, முதுசொல் மற்றொன்று. பிசி என்பது விடுகதையையும் முதுசொல் என்பது பழமொழியையும் குறிக்கும். நாம் இங்குக் காணும் விளையாட்டு, முதுசொல்லைப் பிசியாக்கும் முயற்சி ஆகும்.

ஆங்கிலப் பின்புலம்

இவ்விளையாட்டு ஆங்கிலத்தில் செழித்தமைக்கு அம்மொழியின் சொற்களஞ்சியமே முதன்மைக் காரணம். கி.பி. 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்களும் பெருமளவில் ஆங்கிலத்துள் புகுந்தன. இதனால் ஒரே கருத்துக்கு வீட்டிலும் வயலிலும் வழங்கும் பழைய செருமானிய மூலச் சொல் ஒன்றும், நூல்களில் வழங்கும் இலத்தீன் மூலச் சொல் ஒன்றும் இருப்பது வழக்கமாயிற்று. பழமொழிகள் பெரும்பாலும் முதல் வகைச் சொற்களால் ஆனவை. அவற்றை இரண்டாம் வகைச் சொற்களால் பெயர்த்தால் புதிர் ஆயத்தமாகிவிடும்.

ஓரின இறகுடைய பறவைகள் ஒன்றுகூடும் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பழமொழியில் உள்ள பேர்ட், ஃபெதர், ஃப்ளாக் ஆகிய மூன்றும் பழைய ஆங்கிலச் சொற்கள். புதிர் வடிவத்தில் இவற்றின் இடத்தில் ஏவியன், ப்ளூமேஜ், காங்கிரிகேட் என்பன அமரும். இவை மூன்றும் இலத்தீன் வேர் உடையவை. இவற்றுள் காங்கிரிகேட் என்பதன் வேர்ச்சொல்லுக்கு மந்தை என்பதே பொருள். எனவே மூலத்தில் இருந்த கூட்டம் என்னும் படிமம் மாறுவேடத்தினுள்ளும் உயிரோடு இருக்கிறது. உருளும் கல்லில் பாசி படியாது என்னும் மற்றொரு பழமொழியைத் தாவரவியல், பாறையியல் கலைச்சொற்களால் மறைப்பது இன்னொரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

எளிய பொருளை வலிந்து அரிதாகச் சொல்வது நகைப்புக்கு உரியது என்னும் உணர்வு மிகப் பழையது. பிரெஞ்சு நாடக ஆசிரியர் மொலியேர், 1659 இல் மேடையேறிய தம் நாடகம் ஒன்றில், நாற்காலி போன்ற வீட்டுப் பொருள்களைக்கூட நேர்ப்பெயரால் சுட்டாமல் சுற்றி வளைத்துக் கூறும் பெண்களை எள்ளி நகையாடினார். அதற்கு மாறாக, சாமுவேல் ஜான்சன் 1755 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் வலைப்பின்னல் என்னும் சொல்லுக்குத் தந்த விளக்கம், அச்சொல்லைவிடப் பன்மடங்கு கடினமானது. சொல்லை மறைத்துவிட்டு அவ்விளக்கத்தை மட்டும் படிப்பவருக்கு அது ஒரு நல்ல புதிராகவே தோன்றும்.

இம்முறையை இலக்கிய உத்தியாகவே வளர்த்தவர்கள் பிரெஞ்சு எழுத்தாளர்கள். ரேமோன் கெனோ 1947 இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் அற்ப நிகழ்ச்சியை 99 வெவ்வேறு நடைகளில் எழுதிக் காட்டினார். அவரும் பிரான்சுவா ல லியோனேயும் 1960 இல் நிறுவிய ஊலிப்போ என்னும் எழுத்தாளர் குழு, ஒரு தொடரின் ஒவ்வொரு சொல்லையும் அகற்றி, அவ்விடத்தில் அதன் அகராதி விளக்கத்தை வைக்கும் பயிற்சியைக் கையாண்டது. மார்செல் பெனாபு, ஜோர்ஜ் பெரெக் ஆகியோர் இப்பயிற்சியை மேலும் விரித்தனர். விளக்கத்தில் உள்ள சொற்களையும் மீண்டும் விளக்கங்களால் பெயர்த்துக்கொண்டே சென்றால், சில சுற்றுகளுக்குள் மூலத்தொடர் அடையாளம் இழந்துவிடும். புதிர் அமைப்பவர் முதற்சுற்றிலேயே நின்றுவிடுவது நல்லது.

தமிழில் பகட்டு நடை

ஆங்கிலத்தில் கற்றோர் சொல் நீளமானது, மற்றோர் சொல் குறுகியது. தமிழில் பல இடங்களில் இது தலைகீழாக உள்ளது. கா, கோ, மா, ஆ போன்ற இலக்கியச் சொற்கள் ஓரெழுத்தே உடையவை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் யானைக்குத் தொகுத்துள்ள பெயர்களுள் களிறு, வேழம், கரி, வாரணம், கைம்மா போன்றவை சுருக்கமும் ஓசையும் உடையவை. எனவே "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதை "வேழத்திற்கும் தாள் வழுவும்" என்று நிகண்டின் துணையால் மாற்றினால், அது பகட்டாகத் தோன்றாது. ஒரு பழஞ்செய்யுளின் அடி போலவே ஒலிக்கும். மறைப்பும் போதாது.

ஆகவே தமிழில் பகட்டு நடைக்கு வேறு வழிகளை நாட வேண்டும். ஒன்று வடசொல் கலப்பு. "கஜத்திற்கும் பாதஸ்கலனம் சம்பவிக்கும்" என்று எழுதினால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக வழங்கிய உரைநடையின் சாயல் கிடைக்கும். மற்றொன்று பாடநூல் நடை. "நிலவாழ் விலங்குகளுள் மிகப் பெரிய பாலூட்டியாயினும், பாதத்திற்கும் தரைக்கும் இடையிலான உராய்வு விசை குறையுமிடத்து நிலைகுலைதற்கு உட்பட்டதே." இவையனைத்தினும் தமிழ்நாட்டு வாசகர் உடனே அடையாளம் காணக்கூடியது அரசு அலுவலக நடை ஆகும்:

"பொருள்: யானைகள் - கால் சறுக்குதல் - தொடர்பாக. மேற்காணும் விலங்கினம் நடைப்பயணம் மேற்கொள்ளும் நேர்வுகளில் கால் இடறும் நிலை எழ வாய்ப்புள்ளது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

நடத்தல் என்னும் வினை இங்கு நடைப்பயணம் மேற்கொள்ளுதல் ஆகிறது. சறுக்கும் என்னும் ஒரு சொல் ஐந்தாறு சொற்களாகப் பெருகுகிறது. யார் சொல்கிறார் என்பது செயப்பாட்டு வினையினுள் மறைந்துவிடுகிறது. புதிரின் நகைச்சுவையில் ஒரு பங்கு இந்த ஒப்புமையிலிருந்தே பிறக்கிறது.

அமைக்கும் முறை

நேர்மையான புதிரில் மூலப் பழமொழியின் ஒவ்வொரு முதன்மைச் சொல்லுக்கும் ஈடான பகுதி இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாத செய்தியைப் புதிதாகச் சேர்த்தல் ஆகாது. பொருள்களைப் பயன், நிறம், இனம், செய்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் சுட்டுவது வழக்கம். காக்கையைக் கரிய பறவை என்று மட்டும் கூறினால் அது குயிலையும் குறிக்கும். எனவே அடையாளம் காண்பதற்குப் போதிய அளவு குறிப்பு வேண்டும். குறிப்பு மிகுந்தால் புதிர் புதிராக இராது.

தமிழில் கவனிக்க வேண்டிய சிறப்பான ஓர் இடம் உம்மை ஆகும். "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதில் முதற்சொல்லில் உள்ள உம் உயர்வு சிறப்பும்மை. அத்துணை வலிய விலங்கே சறுக்கும்போது பிறர் எம்மாத்திரம் என்பது அதன் குறிப்பு. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பதில் உள்ளது இழிவு சிறப்பும்மை. இவ்வோர் இடைச்சொல்லை விட்டுவிட்டு யானைக்கு அடி சறுக்கும் என்று எழுதினால், அது விலங்கியல் செய்தி ஆகுமே ஒழியப் பழமொழி ஆகாது. நீண்ட தொடர்களை எழுதும்போது உம்மை எளிதில் தவறிப்போகும். இதனைக் காப்பாற்றுவதே புதிர் அமைப்பவரின் முதற்கடமை எனலாம்.

சில புதிர்கள்

பின்வருவன இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. விடைகள் அடுத்த பத்தியில் உள்ளன.

அ. தொடர்ச்சியான தாக்குதலுக்கு உட்படுத்தப்படின், சமையற்கூடத்தில் அரைத்தற்குப் பயன்படும் கற்கருவியும் இடம்பெயர்தல் ஒருதலை.

ஆ. நடனப் பயிற்சி கைவரப்பெறாத நங்கை ஒருத்தி, இல்லத்தின் நடுப்பகுதி செவ்வையுற அமையாமையைக் காரணமாக எடுத்துரைத்தாள் என்ப.

இ. பாலின் கொழுப்பு ஒருங்கு சேரும் தறுவாயில், கடைதல் நிகழ்ந்துகொண்டிருந்த மட்கலம் சிதைவுற்றது.

ஈ. பொதி சுமத்தற்கென வளர்க்கப்படும் விலங்கு, வழிபாட்டில் எரியூட்டப்படும் வெண்ணிறப் பொருளின் நறுமணத்தை மதிப்பிட வல்லதோ?

உ. ஊர்வன வகுப்பைச் சேர்ந்த உயிரொன்றின் நடத்தற்குரிய உறுப்பு, அவ்வுயிரின் இனத்திற்கே புலனாகும்.

ஊ. குறித்த வரம்பைக் கடப்பின், இறவாமையை நல்கும் தேவருணவும் உயிர்போக்கும் தன்மையதாம்.

விடைகள் முறையே: "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்", "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்", "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது", "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை", "பாம்பின் கால் பாம்பறியும்", "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு". இவற்றுள் ஐந்தாவது புதிர் சற்று முறையற்றது. ஊர்வன வகுப்பில் பல்லி, ஆமை, முதலை ஆகியனவும் அடங்கும். அவற்றுக்குக் கால்கள் உண்டு. காலில்லாத உயிரின் கால் என்பதே இப்பழமொழியின் உயிர்நாடி. இனப்பெயரை மிகப் பொதுவாக்கியதால் அம்முரண் மறைந்துவிட்டது.

விடை காணும் வழி

அருஞ்சொற்களை ஒவ்வொன்றாக அகராதியில் தேடிச் செல்பவர்கள் விடையைத் தாமதமாகவே அடைவர். விரைவில் காண்பவர்கள் தொடரின் எலும்புக்கூட்டை முதலில் நோக்குகின்றனர். யார், எதை, எங்கே, என்ன செய்தார் என்று கேட்டு, மனத்தில் ஒரு காட்சியை வரைகின்றனர். பெண் ஆடுகிறாள், தரையைக் குறை கூறுகிறாள். இக்காட்சி தோன்றியதும் பழமொழி தானாகவே நாவிற்கு வந்துவிடும். எண்களும் பெரிதும் உதவும். "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி" என்பதை எவ்வளவு மறைத்தாலும், ஒன்றும் இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலிருந்து பழமொழியின் அமைப்பைப் பற்றிய ஓர் உண்மை தெரியவருகிறது. காட்சி உடைய பழமொழி எத்தகைய சொல்மாற்றத்தையும் தாங்கும். காட்சி இல்லாத பழமொழி தாங்காது. "பதறாத காரியம் சிதறாது" என்பதை எடுத்துக்கொள்வோம். "பரபரப்பின்றி மேற்கொள்ளப்படும் பணி குலைதற்கு இடமில்லை" என்று மாற்றினால், அது யாரோ ஒருவர் கூறிய பொதுவான அறிவுரையாக மட்டுமே எஞ்சுகிறது. அது ஒரு பழமொழியின் மறைவடிவம் என்பதற்கான தடயமே இல்லை. இங்குப் பழமொழியைப் பழமொழியாக நிறுத்தியிருந்தது பதறாத, சிதறாது என்னும் எதுகை மட்டுமே. மாற்றத்தில் முதலில் அழிவது ஓசைதான்.

ஓசையும் நம்பிக்கையும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதில் மோனையும் எதுகையும் உள்ளன. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதை, "தமிழாண்டின் நான்காம் மாதத்துப் பருவத்தை நாடி விதைத்தலை மேற்கொள்க" என்று எழுதினால் உழவியல் செய்தி குறைவின்றி இருக்கிறது. ஆனால் அதனை எவரும் நினைவில் கொள்ளப்போவதில்லை. எழுத்தறிவு பரவாத காலத்தில் விதைப்புப் பருவத்தைத் தவறவிடாமல் இருக்க ஆடி, தேடி என்னும் ஓசை பொருத்தம் உதவியது.

ஓசை நினைவுக்கு மட்டுமன்றி நம்பிக்கைக்கும் துணை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான மாத்யூ மெக்லோன், ஜெசிக்கா தோஃபிக்பக்ச் ஆகியோர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதிகம் அறியப்படாத இயைபுடைய ஆங்கில முதுமொழிகளையும், அவற்றையே இயைபு நீங்குமாறு ஒரு சொல் மாற்றிய வடிவங்களையும் மாணவர்களிடம் தந்து, அவை எந்த அளவிற்கு உண்மை என மதிப்பிடச் செய்தனர். கருத்து ஒன்றேயாயினும், இயைபுடைய வடிவமே கூடுதல் உண்மையானதாக மதிப்பிடப்பட்டது. சொல்லின் அழகையும் சொல்லும் கருத்தையும் பிரித்துப் பார்க்குமாறு முன்கூட்டியே எச்சரித்தபோது இவ்வேறுபாடு குறைந்தது. அவ்வாய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, மேலே கண்ட பறவைப் பழமொழியின் இறுதிச் சொல்லை ஒரு பகட்டுச் சொல்லாக மாற்றி ஆசிரியர்கள் விளையாடியுள்ளனர்.

எனவே பகட்டுநடைப் புதிர் பழமொழியின் கருத்தைச் சோதித்துப் பார்க்கவும் பயன்படும். ஓசை என்னும் ஒப்பனையைக் களைந்த பின்னர் அது இன்னும் ஏற்கத்தக்கதாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பெண்களையோ உடற்குறை உடையோரையோ சில சாதியினரையோ இழிவுபடுத்தும் பழமொழிகள் பல, எதுகை மோனையின் வலிமையாலேயே நாவில் தங்கியுள்ளன. அவற்றை விரிவான உரைநடையில் எழுதிப் பார்த்தால் அவற்றின் கொடுமை வெளிப்படையாகத் தெரியும்.

பழமொழி நானூறு

தமிழ் இலக்கியத்தில் விளையாட்டாக அல்லாமல், இலக்கிய நோக்கோடு பழமொழிகள் வேற்றுருக் கொண்டதற்குச் சான்று பழமொழி நானூறு ஆகும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான இதனை இயற்றியவர் முன்றுறை அரையனார். இந்நூலின் வெண்பாக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி, பெரும்பாலும் இறுதியில், அமைந்திருக்கும். வெண்பாவின் தளைக்கும் ஈற்றடிக்கும் பொருந்துமாறு பழமொழியின் சொற்களும் வரிசையும் மாற்றம் பெறுவதுண்டு. மேலே கண்ட பாம்பின் கால் பற்றிய பழமொழி அந்நூலில் சொல்வரிசை முன்பின்னாக அமைந்துள்ளது. இன்றும் அது வழக்கில் உள்ளதால் நாம் உடனே அடையாளம் காண்கிறோம். வழக்கொழிந்த பழமொழிகளைப் பொறுத்தவரை, செய்யுளைக் கொண்டு மக்கள் வழங்கிய வடிவத்தை உய்த்துணர வேண்டியுள்ளது. அங்கு உரையாசிரியர் செய்வதும் ஒருவகையில் இப்புதிருக்கு விடை காணும் வேலைதான். விடையைச் சரிபார்ப்பதற்கு எவரும் இல்லை என்பதே வேறுபாடு.

பிற்காலத்தில் பீட்டர் பெர்சிவல் தொகுத்து 1874 இல் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இடம்பெற்றன. ஹெர்மன் ஜென்சன் 1897 இல் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தித் தொகுத்தார். இத்தகைய தொகுப்புகளில் மொழிபெயர்ப்பை மட்டும் படித்து மூலத்தை ஊகிப்பதும் ஒரு நல்ல பயிற்சி ஆகும்.

உளவியலும் பழமொழிகளும்

பழமொழியின் பொருளைக் கூறச் செய்து ஒருவரின் சிந்தனைத் திறனை மதிப்பிடும் முறை உளமருத்துவத்தில் உண்டு. டொனால்டு கோரம் 1956 இல் வெளியிட்ட பழமொழிச் சோதனை இதில் குறிப்பிடத்தக்கது. குரைக்கிற நாய் கடிக்காது என்பதற்குப் பொருள் கேட்டால், அச்சுறுத்துவோர் அனைவரும் தீங்கு செய்வதில்லை என்று பொதுமைப்படுத்துவது ஒருவகை விடை. நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது அதன் வாய் கடிக்க இயலாது என்று சொல்லுக்குச் சொல் உரைப்பது மற்றொரு வகை விடை. பின்னது சில நோய்நிலைகளில் மிகுந்து காணப்படுவதாகக் கருதப்பட்டது. ஆனால் கல்வியும் பண்பாட்டுச் சூழலும் விடையை மாற்றக்கூடியன என்பதால் இச்சோதனையை எச்சரிக்கையுடனேயே பயன்படுத்த வேண்டும்.

பகட்டுநடைப் புதிர் இதற்கு நேர்மாறானது. அது பொதுமைக்கு ஏறாமல் நாயையும் பல்லையுமே பற்றிக்கொண்டு நிற்கிறது. பொதுக்கருத்தைக் கூறிப் பழமொழியைக் கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தும். அதனாலேயே அது நல்ல புதிர் ஆகாது.

இதனோடு நெருங்கிய மற்றோர் ஆய்வு, உருசிய நாட்டாரியல் அறிஞர் கிரிகோரி பெர்மியாகோவ் 1970-களில் வெளியிட்டது. மாஸ்கோவாசிகளிடம் பழமொழிகளின் முற்பகுதியை மட்டும் தந்து, பிற்பகுதியை நிறைவு செய்யக் கேட்டு, ஏறத்தாழ அனைவரும் அறிந்த பழமொழிகள் எவை என அவர் கண்டார். ஒரு மொழியைக் கற்பவர் அறிந்திருக்க வேண்டிய குறைந்த அளவுப் பழமொழித் தொகுதி என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது. நம் புதிருக்கு உரிய பழமொழிகளும் அத்தகைய பொதுத் தொகுதியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.

எளிய நடை பற்றிய கருத்துகள்

புதிரில் நகைப்பூட்டும் அதே நடை அரசு ஆணையிலோ காப்பீட்டுப் பத்திரத்திலோ வந்தால் மக்களுக்கு இடர் விளைவிக்கும். அமெரிக்க அரசியலர் மௌரி மாவெரிக், 1944 இல் அரசு அலுவலகங்களின் குழப்ப நடையைக் கண்டித்து, வான்கோழியின் பொருளற்ற ஒலியை நினைவூட்டும் கோபிள்டிகூக் என்னும் சொல்லை உருவாக்கினார். அது இன்று ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. ஜார்ஜ் ஆர்வெல் 1946 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், விவிலியத்தின் எளிய வசனம் ஒன்றைத் தம் காலத்து அறிக்கை நடையில் மாற்றி எழுதிக் காட்டினார். ஓட்டமும் போரும் உணவும் நிறைந்த அவ்வசனம், மாற்றத்திற்குப்பின் எந்தக் காட்சியும் இல்லாத கருத்துச் சொற்களின் அடுக்காயிற்று. நல்ல புதிர் காட்சியைக் காத்து ஓசையை மட்டும் இழக்கிறது. தீய அலுவலக நடை இரண்டையும் இழக்கிறது.

டேனியல் ஒப்பன்ஹைமர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், தேவையின்றி நீண்ட சொற்களைப் பெய்து எழுதப்பட்ட பகுதிகளைப் படித்தவர்கள், அவற்றை எழுதியவரின் அறிவைக் குறைவாகவே மதிப்பிட்டனர் என்று காட்டினார். அக்கட்டுரையின் தலைப்பும் வேண்டுமென்றே பகட்டு நடையில் வைக்கப்பட்டதே. அவ்வாண்டே அதற்கு நகைச்சுவை ஆய்வுப் பரிசான இக் நோபல் பரிசு இலக்கியப் பிரிவில் கிடைத்தது.

பொருள் மயக்கம் உள்ள பழமொழிகள்

புதிர் அமைக்க முற்படும்போது சில பழமொழிகளின் பொருளே உறுதியற்றது என்பது தெரியவரும். "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதை மறைக்க வேண்டுமாயின், மண்ணால் வனையப்பட்ட ஊர்தி விலங்கு என்று எழுதுவதா, ஆற்றிடையே தோன்றும் மணல் திட்டு என்று எழுதுவதா? மண் குதிரை என்பது மண் குதிர் என்பதன் திரிபு எனவும், குதிர் என்பது இங்கு மணல் மேட்டைக் குறிக்கும் எனவும் சிலர் விளக்குவர். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதில் பேரை என்பது வேரை என்பதன் திரிபு என்று கூறுவாரும் உளர். பேச்சில் இரு பொருளும் ஒரே ஒலியில் ஒதுங்கி இருக்க முடிகிறது. புதிரோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

இத்தகைய விளக்கங்கள் கேட்பதற்கு இனியவை. ஆனால் பழைய ஏடுகளிலோ தொகுப்புகளிலோ அவ்வடிவம் காணப்பட்டாலன்றி அவற்றை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. குதிரை என்று கொண்டாலும் பழமொழி நன்கு பொருள் தருகிறது. நீரில் கரையும் குதிரை மீது ஏறி ஆற்றைக் கடக்க முயல்வது, நினைக்கும்தோறும் நகைப்பைத் தரும் ஒரு காட்சி ஆகும். புதிர் அமைப்பவர் வழக்கில் உள்ள வடிவத்தையே பின்பற்றுவது முறை.

வழக்கொழிந்த பொருள்களும் புதிரும்

மாணவர்கள் பலருக்கு இன்று கடினமாக இருப்பது புதிரின் அருஞ்சொற்கள் அல்ல, விடையில் வரும் எளிய சொற்களே. தாழி, மத்து, உரல், உலக்கை, அம்மி ஆகியன பெரும்பாலான நகர வீடுகளில் அன்றாடப் பயன்பாட்டில் இல்லை. சமையற்கூடத்தில் அரைத்தற்குப் பயன்படும் கருவி என்றதும் மின் அரைப்பானை நினைக்கும் மாணவர், அது ஏன் கல்லால் ஆனது என்று வியப்படையக்கூடும். அதனைத் தன் எடையால் அசையாது கிடக்கும் கல் என்று அறிந்தால்தான், அது நகர்வதில் உள்ள வியப்பு விளங்கும்.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆலை என்றால் இன்று பஞ்சாலையும் தொழிற்சாலையுமே நினைவுக்கு வருகின்றன. இலுப்பை மரத்தைப் பார்த்திராதவர்களும் பலர். இதன் மறைவடிவத்தை இவ்வாறு அமைக்கலாம்: "கரும்பைப் பிழிந்து சாறெடுக்கும் பொறி அமையாத குடியிருப்பில், விதையிலிருந்து விளக்கெண்ணெய்க்குரிய நெய்யைத் தரும் மரத்தின் இனிப்பு மிக்க மலரே இனிப்புப் பண்டமாக ஏற்கப்படும்." இதில் ஒரு குறை உண்டு. விளக்கெண்ணெய் என்பது வழக்கில் ஆமணக்கு எண்ணெயைக் குறிப்பதால், விளக்கேற்றும் எண்ணெய் என்று பிரித்து எழுதுவதே தெளிவு. இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குகளுக்குப் பயன்பட்டது. அதன் பூக்கள் சதைப்பற்றும் இனிப்பும் உடையவை, உண்ணத்தக்கவை. பழமொழியை மட்டும் கேட்டபோது விளங்காத ஆலையும் பூவும் சர்க்கரையும், மறைவடிவத்தைப் படித்தபின் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மறைப்பதற்கென எழுதிய தொடர் இங்கு உரையாக மாறிவிடுகிறது.

வகுப்பறையில் இப்புதிரைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள், மாணவர்களை விடை காணச் செய்வதோடு நில்லாமல், அவர்களையே புதிர் அமைக்கச் செய்வது கூடுதல் பயன் தரும். அம்மி என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் அம்மியை விளக்க வேண்டுமாயின், அது எதனால் ஆனது, எவ்வளவு கனமானது, அதன்மீது உருளும் குழவி என்ன செய்கிறது என்பனவற்றை முதலில் வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிய வேண்டியிருக்கும்.